ஜாவா வெப் கற்கிறீர்களா? முதலில் ஜார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ பிசிஏ முடித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஜாவா வெப் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இப்போது நிறையப் பேர். கொச்சி இன்ஃபோபார்க், திருவனந்தபுரம் டெக்னோபார்க், கோயம்புத்தூர் டைடல் பார்க் என்று எல்லாப் பக்கமும் விண்ணப்பம் போடுகிறார்கள். என்னிடம் சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கு ஜாவா மொழி நன்றாகவே தெரிகிறது. கிளாஸ், இன்டர்ஃபேஸ், கலெக்‌ஷன் எல்லாம் தடுமாறாமல் சொல்வார்கள். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். "அண்ணா, நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை." "வீடியோல அவருக்கு வருது, எனக்கு எரர் வருது." உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் அவர்கள் எழுதிய நிரலில் ஒரு குறையும் இருக்காது. ஏதோ ஒரு ஜார் (கம்பைல் ஆன கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) இல்லாமல் இருக்கும், அல்லது இரண்டு வெர்ஷனாக இருக்கும், அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும்.

அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் பழைய பாணி. முதலில் கையால் ஒரு வெப் பயன்பாட்டைக் கட்டுவது, அப்புறம் ஜார்களைத் தேடித் தந்து பயன்பாட்டைக் கட்டித் தரும் பில்ட் கருவியான மேவன், அதற்குப் பிறகுதான் வெப் பயன்பாட்டைச் சீக்கிரம் எழுத உதவும் ஸ்பிரிங் பூட். பழகுவதற்கு ஒரு சிறிய பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். முதலமடை மாங்காய் மண்டி ஒன்றின் வரவுப் பதிவேடு: விவசாயி பெயர், ரகம், எடை, பெட்டி எண்ணிக்கை. பங்கனப்பள்ளி, செந்தூரம், அல்போன்சா என்று ரகப் பட்டியல் ஒன்று. இவ்வளவு போதும்.

கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் நாம் வாயால் சொல்லும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஒரே ஒரு ஜேடிகே

ஜேடிகே என்பது ஜாவாவைக் கம்பைல் செய்யவும் ஓட்டவும் வேண்டிய கருவித்தொகுப்பு. கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஜாவாக்களை முதலில் எண்ணிப் பாருங்கள். கல்லூரிப் பாடத்துக்குப் போட்ட ஜாவா 8, ஏதோ ஒரு ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) தன்னோடு கொண்டுவந்தது, யூடியூப் பார்த்து இறக்கியது என்று இரண்டு மூன்றாவது இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். நீண்ட கால ஆதரவுள்ள வெளியீடுகளில் 17 வந்தது 2021 செப்டம்பரில், 21 வந்தது 2023 செப்டம்பரில், 25 வந்தது 2025 செப்டம்பரில். புதியவர்களுக்கு நான் 21ஐச் சொல்வேன். கருவிகளெல்லாம் அதற்குப் பழகிவிட்டன. எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனின் அடாப்டியம் திட்டம் தரும் டெமுரின் இலவசம், அதை இறக்கிக்கொள்ளலாம்.

போட்ட பிறகு ஜாவா ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை அந்த ஃபோல்டருக்குக் காட்டுங்கள், அதன் உள்ளே இருக்கும் பின் ஃபோல்டருக்கு அல்ல. மேவன் போட்டதும் டெர்மினலில் 'ஜாவா -வெர்ஷன்', 'எம்விஎன் -வெர்ஷன்' இரண்டையும் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஜாவாவைச் சொல்ல வேண்டும். முதல் கமாண்டு பாத் வேரியபிளைப் பார்க்கிறது, மேவன் ஜாவா ஹோமைப் பார்க்கிறது. இரண்டும் வெவ்வேறு ஜாவாவைக் காட்டினால், கம்பைல் ஒன்றில் ஆகும், ஓடுவது இன்னொன்றில் ஆகும். அப்போதுதான் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' வருகிறது. அதில் 61, 65 என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழியுங்கள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எந்த ஜாவாவில் கம்பைல் ஆனது, எது ஓட்டப் பார்க்கிறது என்று அந்த எரரே சொல்லிவிடும்.

'நோ கம்பைலர் இஸ் ப்ரொவைடட்' என்று மேவன் சொன்னால், ஜேடிகேக்குப் பதில், கம்பைலர் இல்லாமல் ஓட்ட மட்டும் தெரிந்த ஜேஆர்ஈயை ஜாவா ஹோம் காட்டுகிறது என்று அர்த்தம்.

கையால் ஒரு வார்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஒரு மாலை நேரம் செலவாகும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த பில்ட் கருவியைப் பார்த்தாலும் அது என்ன செய்கிறது என்று புரியும்.

ஜாவா வெப் பயன்பாடுகளை ஓட்டும் சர்வர் டாம்கேட். அப்பாச்சி தளத்திலிருந்து அதன் ஜிப் ஃபைலை இறக்கி, ஏதாவது ஒரு ஃபோல்டரில் விரித்துவிடுங்கள். இன்ஸ்டாலர் வேண்டாம். உள்ளே லிப் ஃபோல்டரில் சர்வ்லெட்-ஏபிஐ என்ற ஜார் இருக்கும். பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்தான் சர்வ்லெட்; நம் சர்வ்லெட் கம்பைல் ஆக அந்த ஜார் வேண்டும்.

'மேங்கோ' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதனுள் 'வெப்-இன்ஃப்' (பெரிய எழுத்தில்), அதனுள் 'கிளாசஸ்', 'லிப்' என்று இரண்டு. ஒரே ஒரு சர்வ்லெட் எழுதுங்கள். வெப்சர்வ்லெட் அனொட்டேஷன் போட்டு முகவரியைக் கொடுத்தால் வெப் எக்ஸ்எம்எல் ஃபைலே தேவையில்லை. ஜாவாசி கமாண்டில் கிளாஸ்பாத்துக்கு அந்த சர்வ்லெட் ஜாரைக் காட்டி, '-டி' கொடுத்து வெளியீட்டைக் கிளாசஸ் ஃபோல்டருக்கு அனுப்புங்கள். மேங்கோ ஃபோல்டரை அப்படியே டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் உள்ளே போட்டு, பின் ஃபோல்டரில் உள்ள ஸ்டார்ட்அப்பை ஓட்டுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080, ஒரு சாய்கோடு, மேங்கோ, அப்புறம் நீங்கள் கொடுத்த முகவரி. பக்கம் வந்துவிடும். அதே ஃபோல்டரின் உள்ளடக்கத்தை ஜார் கமாண்டால் கட்டி, மேங்கோ டாட் வார் என்று பெயர் வைத்தால் அதுதான் வார் ஃபைல். அதில் வேறு மாயம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. டாம்கேட் 9 வரை சர்வ்லெட் பேக்கேஜுகள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும். டாம்கேட் 10 முதல் 'ஜகார்த்தா'. ஆரக்கிள் தன்னிடமிருந்த ஜாவா ஈஈயை (சர்வ்லெட் போன்றவற்றுக்கான விதித்தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக 2017இல் அறிவித்தது. ஜாவாஎக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு புதிய மாற்றங்கள் செய்வதற்கு உரிமை விஷயத்தில் உடன்பாடு எட்டவில்லை. அதனால் 2020இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9 எல்லாப் பேக்கேஜுகளின் பெயரையும் மாற்றியது. பழைய வீடியோவைப் பார்த்து ஜாவாஎக்ஸ் என்று எழுதி, புதிய டாம்கேட்டில் போட்டால் என்ன ஆகும்? பழைய சர்வ்லெட் ஜார் கையில் இருந்தால் கம்பைல் ஆகிவிடும். டாம்கேட்டும் குறை சொல்லாமல் ஏற்றிக்கொள்ளும். பிரவுசரில் மட்டும் 404. லாகில் எரர் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் டாம்கேட் 10 ஜகார்த்தா அனொட்டேஷனைத்தான் தேடுகிறது, ஜாவாஎக்ஸ் அனொட்டேஷன் அதன் கண்ணில் படாது. முகவரியில் எழுத்துப்பிழையோ என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. எரர் இல்லாத 404 வந்தால் முதலில் இம்போர்ட் வரிகளையும் டாம்கேட் எண்ணையும் பாருங்கள்.

அடுத்து, மாங்காய்ப் பட்டியலை ஜேசனாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) கொடுக்க ஜாக்சன் லைப்ரரியைச் சேர்த்துப் பாருங்கள். ஜாக்சன் டேட்டாபைண்ட் ஜாரை மட்டும் லிப்பில் போட்டால் ஓடாது. ஜாக்சன் கோர், ஜாக்சன் அனொட்டேஷன்ஸ் என்று இன்னும் இரண்டு வேண்டும். இவற்றின் வெர்ஷனும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மூன்று ஜாருக்கே இப்படி என்றால் ஐம்பது ஜாருக்கு? பில்ட் கருவி எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஆன்ட் பற்றி ஒரு பத்தி

டாம்கேட்டை எழுதத் தொடங்கிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், அதைக் கட்டுவதற்காக எழுதிய கருவிதான் ஆன்ட். 2000 ஜூலையில் அது தனியாக வெளிவந்தது. நாம் மேலே கையால் செய்ததை பில்ட் எக்ஸ்எம்எல் என்ற ஃபைலில் படிப்படியாக எழுதிவைக்கலாம். ஜார்களை அது தானாகத் தேடித் தராது; லிப் ஃபோல்டரில் நாமே சேர்த்துவைக்க வேண்டும். புதிதாக இதைக் கற்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பழைய புராஜெக்ட் ஒன்றில் பில்ட் எக்ஸ்எம்எல் கண்ணில் பட்டால் 'ஆன்ட் -பி' என்று அடியுங்கள், விளக்கம் எழுதப்பட்ட டார்கெட்டுகளைப் பட்டியல் போடும். சமாளிக்க அது போதும்.

மேவன்

மேவன் 1.0 வந்தது 2004இல், இன்றைய உருவத்துக்கு வழிகாட்டிய 2.0 வந்தது 2005இல். எக்ஸ்எம்எல் பார்க்க அலுப்பாக இருக்கும். நான் இதைத்தான் முதலில் கற்கச் சொல்வேன், காரணம் அந்த அலுப்பேதான்: ஒரு மேவன் புராஜெக்ட் தெரிந்தால் இன்னொன்றும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எஸ்ஆர்சி, மெயின், ஜாவா என்ற ஃபோல்டரில் நிரல், எஸ்ஆர்சி, மெயின், வெப்ஆப்பில் பக்கங்கள், எஸ்ஆர்சி, டெஸ்ட், ஜாவாவில் சோதனைகள், வெளியீடெல்லாம் டார்கெட்டில்.

புராஜெக்ட்டின் விவரமெல்லாம் பாம் எக்ஸ்எம்எல் என்ற ஃபைலில் இருக்கும். அதில் ஒவ்வொரு ஜாருக்கும் மூன்று விவரம்: குரூப் ஐடி, ஆர்டிஃபாக்ட் ஐடி, வெர்ஷன். இந்த மூன்றையும் வைத்து மேவன் சென்ட்ரல் என்ற கிடங்கிலிருந்து அது ஜாரை இறக்குகிறது. அந்த ஜாருக்கு வேறு எது எது தேவையோ அதையும் சேர்த்து இறக்குகிறது. எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் டாட் எம்2 என்பதன் உள்ளே ரெபாசிட்டரியில் உட்காரும். ஒருதடவை அந்த ஃபோல்டரைத் திறந்து உள்ளே நடந்து பாருங்கள். ஜாக்சன் எங்கே இருக்கிறது, எத்தனை வெர்ஷன் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்களுக்குப் பிறகு பயம் இருப்பதில்லை.

பாமில் முதல் நாளே எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, 'மேவன் கம்பைலர் ரிலீஸ்' என்ற ப்ராப்பர்ட்டியில் 21. இது இல்லாமல் பழைய கம்பைலர் ப்ளகின் வந்து மாட்டினால் 'சோர்ஸ் ஆப்ஷன் 5 இஸ் நோ லாங்கர் சப்போர்ட்டட்' என்று வரும். 5 எங்கே எழுதினோம் என்று நிரல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, அது ப்ளகினின் பழைய இயல்புநிலை. இரண்டு, 'புராஜெக்ட் பில்ட் சோர்ஸ்என்கோடிங்' என்பதில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறை). ஏன் என்று பின்னால் வருகிறது.

கமாண்டுகளில் வரிசை முக்கியம். வேலிடேட், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், வெரிஃபை, இன்ஸ்டால், டிப்ளாய். இதில் எதை அடித்தாலும் அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் ஓடும். பேக்கேஜ் என்றால் டார்கெட்டில் வார் உருவாகி நிற்கும். இன்ஸ்டால் என்றால் அதே வாரை உங்கள் டாட் எம்2 கிடங்கிலும் ஒரு பிரதி வைக்கும், உங்கள் இன்னொரு புராஜெக்ட் அதை எடுத்துக்கொள்ள. ஒரே புராஜெக்ட் வைத்திருப்பவர்கள் இன்ஸ்டால் அடிக்கவே தேவையில்லை. இந்த வேறுபாட்டை நேர்காணலில் கேட்கிறார்கள். கொச்சிக்குப் போகிறவர்கள் மலையாளத்தில் கேள்வி வருமோ என்று பயப்படுவார்கள். அது எப்படியும் சமாளித்துவிடுவீர்கள், இதற்குப் பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஸ்கோப் என்று ஒரு சொல் பாமில் வரும். ஒரு ஜார் எந்தக் கட்டத்தில் வேண்டும் என்று அது சொல்லும். சர்வ்லெட் ஏபிஐ ஜாருக்கு 'ப்ரொவைடட்' என்று போட வேண்டும். கல்யாண மண்டபத்தில் அண்டா குண்டா எல்லாம் இருக்கும்போது வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போக மாட்டோம் இல்லையா, அதுபோல டாம்கேட்டில் ஏற்கெனவே இருப்பதை வாருக்குள் வைக்கக் கூடாது. கம்பைல் செய்யும்போது மட்டும் மேவன் அதைக் காட்டும், வார் கட்டும்போது விட்டுவிடும். டேட்டாபேஸ் டிரைவருக்கு 'ரன்டைம்', ஜேயூனிட்டுக்கு 'டெஸ்ட்'. மற்றதற்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

இனி இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத கமாண்டு: 'எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ'. எந்த ஜார் எதன் வழியாக வந்தது என்று கிளை கிளையாகக் காட்டும். நீங்கள் பாமில் எழுதியது ஐந்து ஜார் என்றால் ட்ரீயில் முப்பது நிற்கும். ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷனில் தேவைப்பட்டால் மேவன் ஒன்றைத்தான் எடுக்கும். எது புதியது என்று அது பார்ப்பதில்லை. உங்கள் பாமுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். நீங்கள் சேர்த்த ஒரு லைப்ரரிக்கு எஸ்எல்எஃப்4ஜே 1.7 நேரடியாக வேண்டும், இன்னொன்றின் உள்ளே இரண்டு படி தள்ளி 2.0 வேண்டும் என்றால் 1.7தான் வரும். தூரம் சமமாக இருந்தால் பாமில் முதலில் எழுதப்பட்டதன் வழியாக வந்தது ஜெயிக்கும். ஆகவே பாமில் இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றினாலே நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம். தீர்வு எளிது: சண்டை போடும் ஜாரின் வெர்ஷனை உங்கள் பாமிலேயே, டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில், நீங்களே எழுதிவிடுங்கள். ட்ரீ கமாண்டோடு '-டிவெர்போஸ்' சேர்த்தால் (டி பெரிய எழுத்து) எது எதனால் ஒதுக்கப்பட்டது என்றும் தெரியும்.

இது வெறும் சவுகரியத்துக்கான விஷயம் என்று நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில், லாக் எழுதப் பயன்படும் லைப்ரரியான லாக்4ஜே 2இல் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியானது. லாகில் பதிவாகும் ஒரு வரியை வைத்தே வெளியாள் ஒருவர் சர்வரில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. அப்போது பலருக்குத் தங்கள் பயன்பாட்டில் லாக்4ஜே இருப்பதே தெரியாது; பாமில் அந்தப் பெயர் இல்லை, வேறொரு லைப்ரரியின் தோளில் ஏறி வந்திருந்தது. ட்ரீ பார்க்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்தார்கள்.

நெட் போகும்போது

மேவனின் முதல் பில்ட் ஏராளமாக இறக்கும். ப்ளகின்களும் இதே வழியில் இறங்குவதால் வெறும் 'ஹலோ' பயன்பாட்டுக்கே பக்கம் பக்கமாக வரிகள் ஓடும். மொபைல் டேட்டாவில் இதைத் தொடங்க வேண்டாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துக்கொண்ட நாளில் கரண்ட் போய், மோடமும் போய், பாதி இறங்கிய நிலையில் பில்ட் நின்றுவிடுவது எங்கள் பக்கம் சகஜம். அதன் பிறகு நெட் வந்தாலும் மேவன் அதே எரரைச் சொல்லிக்கொண்டிருக்கும். முந்தைய முயற்சி தோற்றது என்று அது குறித்து வைத்திருக்கிறது, குறிப்பிட்ட நேரம் போகும் வரை மறுபடி முயலாது. '-யு' (பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டினால் மீண்டும் இறக்கும். 'இன்வாலிட் எல்ஓசி ஹெடர்' போல ஏதாவது வந்தால் அந்த ஜார் பாதியில் கெட்டுப்போயிருக்கிறது. எரரில் ஜாரின் முழுப் பாதையும் இருக்கும். அந்த ஒரு வெர்ஷன் ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். டாட் எம்2வை மொத்தமாக அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; எல்லாவற்றையும் மறுபடி இறக்க உங்கள் டேட்டாதான் கரையும்.

நல்ல நெட் உள்ள இடத்தில் இருக்கும்போது 'எம்விஎன் டிபென்டன்சி:கோ-ஆஃப்லைன்' ஓட்டுங்கள். அது சில ப்ளகின்களின் உள்தேவைகளை விட்டுவிடுவதுண்டு. அதனால் அதோடு ஒருமுறை முழுதாக வெரிஃபையும் ஓட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்து '-ஓ' கொடுத்தால் நெட் பக்கமே போகாமல் வேலை நடக்கும். நண்பரின் கணினியில் எல்லாம் இறங்கியிருந்தால் அவருடைய ரெபாசிட்டரி ஃபோல்டரை பென்டிரைவில் வாங்கி உங்கள் டாட் எம்2வில் போட்டுக்கொள்ளலாம்.

கல்லூரி லேபில் பிரவுசர் ஓடுகிறது, மேவன் மட்டும் இறக்க மாட்டேன் என்கிறது என்றால் நடுவில் ப்ராக்ஸி இருக்கும். டாட் எம்2வில் செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபைல் வைத்து அதில் ப்ராக்ஸி முகவரியையும் போர்ட்டையும் எழுத வேண்டும். பழைய புத்தகத்தின் பாமைக் காப்பி அடித்து 501 வந்தால் கிடங்கின் முகவரி எச்டிடிபி என்று இருக்கிறதா பாருங்கள். மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் எச்டிடிபிஎஸ் மட்டும்தான் ஏற்கிறது.

தமிழ்ப் பெயர்கள்

மண்டிப் பதிவேட்டில் தமிழ்ப் பெயரும் வரும், மலையாளப் பெயரும் வரும். எல்லையோரத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். வீடியோக்களில் 'ஜான்', 'ஆலிஸ்' மட்டும் வருவதால் இந்தச் சிக்கலை யாரும் சொல்லித் தருவதில்லை. பெயர் கேள்விக்குறிகளாகவோ புரியாத லத்தீன் எழுத்துகளாகவோ மாறினால், எந்தப் படியில் மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதல் படி, நிரல் ஃபைல். ரகப் பெயர்களை நிரலிலேயே தமிழில் எழுதியிருந்தால், ஐடிஇ அதை யுடிஎஃப்-8இல் சேமிக்க வேண்டும், கம்பைலரும் அப்படியே படிக்க வேண்டும். பாமில் சோர்ஸ்என்கோடிங் எழுதச் சொன்னது இதற்குத்தான். ஜாவா 18 முதல் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8தான் இயல்புநிலை. அதற்கு முந்தைய ஜாவாக்கள் விண்டோஸின் சொந்த என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வரில் சரியாகவும் வீட்டு விண்டோஸில் தப்பாகவும் வருவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, ஃபார்ம். போஸ்ட் வழியாக வரும் பெயரை டாம்கேட் 9 வரை இயல்பாக ஐஎஸ்ஓ 8859-1 என்றுதான் படிக்கும்; டாம்கேட் 10 முதல் யுடிஎஃப்-8 என்று அதன் பொது அமைப்பிலேயே எழுதியிருக்கிறது. பழையதில், சர்வ்லெட்டில் முதல் கெட்பாராமீட்டருக்கு முன்னால் செட்கேரக்டர்என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கூப்பிட வேண்டும். ஒரு பாராமீட்டரைப் படித்த பிறகு கூப்பிட்டால் பயனில்லை. பதில் அனுப்பும்போது செட்கன்டென்ட்டைப்பிலும் சார்செட் சேருங்கள். ஸ்பிரிங் பூட் இதைத் தானே செய்துவிடும்.

மூன்றாவது, டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் 8 முதல் யுடிஎஃப்8எம்பி4 இயல்புநிலை. பழையதில் நாமே கேட்டுப் பெற வேண்டும். நீளத்திலும் கவனம் வேண்டும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8இல் 3 பைட். ஜாவாவில் 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் 5. கண்ணுக்குத் தெரியும் எழுத்து 3 என்றாலும், இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். மைஎஸ்க்யூஎல்லின் வார்கேர் 50 என்பது இப்படிப்பட்ட 50 குறிகளுக்கு இடம் தரும். ஆரக்கிளின் வார்கேர்2 50 என்று வெறுமனே எழுதினால், இயல்புநிலையில் அது 50 பைட். தமிழில் 16 குறிதான் கொள்ளும். அப்பா பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்தால் கண்டிப்பாக வழியும். அங்கே '50 கேர்' என்று எழுத வேண்டும்.

இன்னொன்று, தேடல். 'கொழிஞ்சாம்பாறை' என்று தேடினால் பாதிப் பதிவுகள் வராமல் போகலாம். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; ஈக்வல்ஸ் போட்டால் வேறு வேறு என்று சொல்லும். ஜாவாவில் நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) மாற்றிவிடுங்கள். மலையாளத்திலும் இதே ஒகரச் சிக்கல் உண்டு, அதே மருந்துதான்.

விண்டோஸ் டெர்மினலில் தமிழ் கேள்விக்குறியாக வந்தால் உடனே பதற வேண்டாம். பல நேரம் தரவு சரியாகவே இருக்கும், டெர்மினலுக்குத்தான் காட்டத் தெரியாது. பிரவுசரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்பிரிங் பூட்

இவ்வளவும் செய்தவர்களுக்கு ஸ்பிரிங் பூட் பெரிய ஆச்சரியமாக இருக்காது. 2014இல் 1.0 வந்தது. டாம்கேட்டை வெளியே வைத்து அதற்குள் வாரைப் போடுவதற்குப் பதில், ஒரே ஜாருக்குள் டாம்கேட்டையும் கட்டிவிடுகிறது. 'ஜாவா -ஜார்' என்று ஓட்டினால் சர்வரும் பயன்பாடும் சேர்ந்தே எழும். ஸ்பிரிங் இனிஷியலைசர் பக்கத்தில் மேவன், ஜாவா 21, ஸ்பிரிங் வெப் என்று தேர்ந்தெடுத்தால் புராஜெக்ட் ஜிப்பாகக் கிடைக்கும். ட்ரீ ஓட்டிப் பார்த்தால் ஸ்டார்ட்டர் வெப் (ஸ்பிரிங் பூட் 4 முதல் ஸ்டார்ட்டர் வெப்எம்விசி) என்ற ஒரே வரியின் கீழே நம் பழைய நண்பர்கள் டாம்கேட்டும் ஜாக்சனும் உட்கார்ந்திருப்பார்கள்.

பூட்டின் பேரன்ட் பாம் நூற்றுக்கணக்கான ஜார்களின் வெர்ஷனை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது. எனவே அதன் கீழ் வரும் ஜார்களுக்கு உங்கள் பாமில் வெர்ஷன் எழுதாதீர்கள். இணையத்தில் கண்ட துண்டை வெர்ஷனோடு ஒட்டும் பழக்கம்தான் இங்கே பெரும்பாலான தகராறுக்குக் காரணம்.

2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.0க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும், அது ஜகார்த்தா பக்கம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய பாடங்களில் ஜாவாஎக்ஸ் இருக்கும். சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன் பேக்கேஜுகளை ஜகார்த்தாவாக மாற்றுங்கள். மொத்தமாக ரீப்ளேஸ் ஆல் போடாதீர்கள். ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ் கிரிப்டோ போன்றவை ஜாவாவோடு வருபவை, அவற்றின் பெயர் மாறவில்லை.

8080 போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று வந்தால், முன்பு கையால் எழுப்பிய டாம்கேட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள், அல்லது சர்வர் போர்ட் ப்ராப்பர்ட்டியில் 8081 கொடுங்கள்.

கிரேடில்

மேவனைப் போல இன்னொரு பில்ட் கருவி. ஆண்ட்ராய்டு பக்கம் போகிறவர்களுக்கு இது கட்டாயம், மற்றவர்கள் மேவன் கைவந்த பிறகு பார்க்கலாம். பில்ட் ஃபைல் எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் குரூவி அல்லது கோட்லின் நிரலாக இருக்கும். சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிரல் என்பதால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவைக்கிறார்கள். மேவனிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரே ஜாரின் இரண்டு வெர்ஷன் மோதினால் கிரேடில் உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். கிரேடிலின் சொந்த எண்ணும் ஜாவாவும் பொருந்த வேண்டும். ஜாவா 17இல் ஓட 7.3 அல்லது மேல், 21இல் ஓட 8.5 அல்லது மேல். எப்போதும் புராஜெக்ட்டில் இருக்கும் கிரேடில்டபிள்யூ ஃபைல் வழியாகவே ஓட்டுங்கள், சரியான கிரேடிலை அதுவே இறக்கிக்கொள்ளும். 4 ஜிபி லேப்டாப் திணறினால், பின்னணியில் தங்கிவிடும் டீமனை 'கிரேடில்டபிள்யூ --ஸ்டாப்' என்று நிறுத்துங்கள்.

எரரைப் படிக்கும் முறை

மேவன் வெளியீட்டில் 'எரர்' என்று தொடங்கும் முதல் வரிக்குப் போங்கள். கடைசியில் சிவப்பாக நிற்பவை பெரும்பாலும் உதவிப் பக்கங்களின் முகவரிகள். ஓடும்போது வரும் நீண்ட ஸ்டாக் ட்ரேஸில் இதற்கு நேர்மாறு: கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரிதான் மூலம்.

'கிளாஸ் நாட் ஃபவுண்ட்', 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்றால் ஓடும் இடத்தில் அந்த ஜார் இல்லை. பெரும்பாலும் ஸ்கோப் தப்பு. ப்ரொவைடட் என்று போடக் கூடாததற்குப் போட்டிருப்பீர்கள். 'நோ சச் மெத்தட்' என்றால் ஜார் இருக்கிறது, ஆனால் கம்பைல் ஆனபோது இருந்த வெர்ஷன் இப்போது இல்லை. நேராக ட்ரீக்குப் போங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது திரையை மொபைலில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எரரை எழுத்தாகக் காப்பி செய்து, கூடவே ட்ரீயின் வெளியீட்டையும் பாமையும் அனுப்பினால் பதில் சொல்கிறவருக்கும் மனம் வரும்.

வேறு கணினியில் ஒருமுறை

விண்ணப்பத்தில் கிட்ஹப் லிங்க் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். 'எம்விஎன் ராப்பர்:ராப்பர்' ஓட்டினால் எம்விஎன்டபிள்யூ என்ற ஃபைல் புராஜெக்ட்டில் சேரும். மேவன் இல்லாத கணினியிலும் அது வேலை செய்யும். அதையும் கமிட் செய்யுங்கள். டார்கெட் ஃபோல்டரை கிட்இக்னோரில் போடுங்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் விட்டுவைக்காதீர்கள். பிறகு நண்பர் ஒருவரின் கணினியில், ஜேடிகே மட்டும் இருந்தால் போதும், புராஜெக்ட்டைக் குளோன் செய்து 'எம்விஎன்டபிள்யூ வெரிஃபை' ஓட்டுங்கள். நண்பர் கிடைக்காவிட்டால் உங்கள் டாட் எம்2 ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, நல்ல நெட் உள்ள இடத்தில், காலி ஃபோல்டரில் குளோன் செய்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் எங்கோ ஒளிந்திருந்த ஜார் இருந்தால் அது அங்கே வெளிப்பட்டுவிடும். ரீட்மீ ஃபைலில் எந்த ஜாவா, எந்த கமாண்டு, எந்த முகவரி என்று மூன்று வரி எழுதி, லிங்கை அனுப்புங்கள்.